லேக் வியூ மனை வாங்கும் முன்: ஓசூர்ப் பக்கத்து ஏரி ஊர்களின் தண்ணீர்க் கணக்கு

ஓசூரைச் சுற்றி மனை விற்பவர்கள் இப்போதெல்லாம் முதலில் காட்டுவது ஏரியைத்தான். பேனரில் நீலத் தண்ணீர், ரெண்டு கொக்கு, மேலே ‘லேக் வியூ’ என்று பெரிய எழுத்து. ஏரிக்குப் பக்கத்தில் வீடு இருப்பதில் தப்பே இல்லை. கோடையிலும் காற்று குளிர்ச்சியாக இருக்கும், போர் சீக்கிரம் வற்றாது. ஆனால் ஏரிக்கு எந்தப் பக்கம் என்பதைப் பேனர் சொல்லாது. கரைக்கு வெளியேயா, உள்வாயிலா, கோடி (ஏரி நிறைந்ததும் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) போகும் வழியிலா, வரத்துக் கால்வாயின் மேலேயேவா? கடைக்கால் எவ்வளவு ஆழம், செப்டிக் டேங்க் வேலை செய்யுமா, பத்து வருடத்துக்கு ஒரு முறை கட்டிலைத் தூக்கி மேஜைமேல் வைக்க வேண்டி வருமா என்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

இந்த ஊர்களின் பழைய அமைப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். மேட்டில் ஊர் நத்தம், சரிவில் ஏரி, ஏரிக்குக் கீழே நெல் வயல், மேலே ராகியும் கொள்ளும் விளையும் மானாவாரிக் காடு. தண்ணீர் நிற்கும் மாதங்களில் மீன். ஏரி மீன் குத்தகை பசலிக் கணக்கில், ஜூலை தொடங்கி ஜூன் வரைக்கும் ஏலம் போகும். எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுவார். ஜிலேபி யாரும் விடாமலே பெருகும். சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் வலை இழுத்துக் கரையிலேயே எடை போட்டு விற்றுவிடுவார்கள். 1970-களில் சிப்காட் வந்தது. பின்னாலேயே அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் வந்தன. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி என்று தனித்தனியாக இருந்த ஊர்களுக்கும் நகரத்துக்கும் நடுவில் இன்று இடைவெளியே தெரியாது. நெல் வயல் இருந்த இடத்தில் 30-க்கு 40 சைட்டுகள். ஊர் இப்படி மாறியது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. அந்த வயலுக்குள் ஓடிய தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

முதலில் ஏரியைப் படிக்கத் தெரிய வேண்டும். பைக்கில் ஒரு சுற்று வந்தால் போதும். மண் கரை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, மதகு எத்தனை, கோடி எந்த மூலையில், தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வந்து சேருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வெளியே, மதகுக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு. சமதளம் என்பதால் லேஅவுட் போட இதுதான் வசதி. ஆகவே இதுதான் முதலில் விலை போகும். இங்கே வெள்ளம் அரிது, ஆனால் ஊற்று உண்டு. ஏரி நிறைந்திருக்கும்போது கரைக்கு அடியில் கசியும் தண்ணீரால் மூன்று நான்கு அடியிலேயே ஈரம் ஏறிவிடும். மார்ச்சில் குழி தோண்டிப் பார்த்து ‘காஞ்ச பூமி’ என்று வாங்கியவர், அக்டோபரில் கடைக்கால் வெட்டும்போது மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். ஆயக்கட்டு மனையை ஏரி நிறைந்த மாதத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதைத் தவிர வேறு வழி கிடையாது.

உள்வாய் என்பது ஏரிக்குள் தண்ணீர் பரவும் மேல்பக்கம். இங்கே ஏமாறுவது சுலபம். மழை குறைந்த வருடங்கள் தொடர்ந்து வந்தால் தண்ணீர் கரையோரமாகச் சுருங்கிக்கொள்ளும், உள்வாய் முழுக்கக் கருவேல மரமாகிவிடும், யாரோ கட்டட இடிபாடு கொண்டுவந்து கொட்டி மேடாக்குவார்கள், அப்புறம் அதுவும் மனை. ஏரியின் எல்லையைத் தாண்டி உண்மையான பட்டா நிலமாகவே இருந்தாலும் மட்டம் பார்த்தே ஆக வேண்டும். கோடிச் சுவரின் தலைமட்டம்தான் ஏரியின் முழு நீர்மட்டம். பெருமழையில் கோடிக்கு மேல் ரெண்டு மூன்று அடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடும். அந்த உயரம் உள்வாய்ப் பக்கமும் ஏறும். ஆட்டோ லெவல் வைத்திருக்கும் சர்வேயரைக் கூப்பிட்டு, கோடிச் சுவரில் ஒரு ரீடிங் எடுத்து மனைவரைக்கும் மட்டம் கொண்டுவரச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். மனையின் தரைமட்டம் கோடியைவிட ஐந்து அடியாவது மேலே இருந்தால் யோசிக்கலாம். ரெண்டு அடிதான் மேலே என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் எங்கள் யோசனை வேண்டாம் என்பதுதான்.

கோடிக்கு அந்தப் பக்கம் போகும் போக்குக் கால்வாய் இன்னும் மோசமான கண்கட்டு. பத்து வருடத்தில் ஏழெட்டு வருடம் காய்ந்தே கிடக்கும், வண்டி போகும் அகலம் இருக்கும், அதனால் ஜனங்கள் அதைத் தெருவாகவே நினைத்துவிடுவார்கள். இங்கெல்லாம் ஏரிகள் சங்கிலி மாதிரி அமைந்தவை. மேல் ஏரியின் கோடித் தண்ணீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒரு கண்ணியை அடைத்தால் தண்ணீர் நிற்காது, வேறு வழி தேடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வெளியேறிய தண்ணீர் ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். ஒரு கணக்குச் சொல்கிறோம்: 1,200 சதுர அடி மனைமேல் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 55,000 லிட்டர். அது உங்கள் மனையில் விழுந்தது மட்டும்தான். மேலே இருக்கும் காடு, லேஅவுட், ரோடு எல்லாவற்றின் பங்கும் அந்தக் கால்வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இனி யாரைக் கேட்பது? புரோக்கரையும் கேட்காதீர்கள், மனை விற்றுப் பணம் பார்த்த நிலக்காரரையும் கேட்காதீர்கள். அந்த ஏரியில் மீன் பிடித்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஊர்நத்தத்தில் இன்னமும் ரெண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒருத்தர் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய வலை தொங்கும், இன்னொருத்தர் சந்தையில் மீன் கடை வைத்திருப்பார். அவரிடம் போய் ‘இங்க தண்ணி வருமா?’ என்று கேட்டால், புதிதாக வந்தவர் மனசு நோகக் கூடாதென்று ‘அதெல்லாம் அந்தக் காலம், இப்ப ஏது மழை’ என்றுதான் சொல்வார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: “அண்ணா, புதுத்தண்ணி வந்தா பறி எங்க வைப்பீங்க?”

முதல் பெருமழையில் ஏரிக்குள் புதுத்தண்ணீர் இறங்கும்போது கெண்டை, குரவை, விரால் எல்லாம் அந்த ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். ஏறுகிற மீனைப் பிடிக்க, கால்வாய் குறுகும் இடமாகப் பார்த்து மூங்கில் பறியை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, ரெண்டு பக்கமும் கல்லும் தழையும் போட்டு அடைப்பார்கள். பறி வைத்த இடம் என்றால் அது தண்ணீர் ஆண்டுதோறும் தவறாமல் வந்த வழி. சும்மா ஈரமான இடத்தில் யாரும் பறி வைப்பதில்லை. அவர் கை காட்டும் திசையில் இப்போது லேஅவுட்டின் ரெண்டாவது குறுக்குத் தெரு இருந்தால், அந்தத் தெருவில் சைட் வாங்க வேண்டாம். அடுத்த கேள்வி, ‘பங்குனி சித்திரையில கடைசியா வலை போடுற மடு எது?’ என்பது. அதுதான் ஏரியின் தாழ்ந்த இடம். ஏரி சுருங்கி ஒரு மூலையில் ரோடு ஏறியிருந்தால், அந்த ரோடு மடுவின் மேல் போகிறதா என்று அதில் தெரிந்துவிடும். மூன்றாவது, ‘கோடி கடைசியா எந்த வருசம் போச்சு, எதுவரைக்கும் போச்சு?’ வருடம் மறந்திருக்கலாம். எந்தக் கோயில் படி, எந்தப் புளியமரம் வரைக்கும் என்பது மறந்திருக்காது.

அவர் காட்டிய இடத்தைக் காகிதத்தில் சரிபார்க்க மூன்று ஆவணம் வேண்டும்: கிராம வரைபடம், புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவுகள் போட்ட படம்), அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு). புலப்படமும் அ-பதிவேட்டு விவரமும் தமிழக அரசின் இ-சேவை தளத்திலேயே கிடைக்கும். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. சுற்றியிருக்கும் நான்கைந்து சர்வே எண்ணுக்கும் அ-பதிவேட்டை எடுங்கள். ஒன்றில் ‘ஏரி’, ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘குட்டை’ என்று புறம்போக்குக் குறிப்பு வந்தால், கிராம வரைபடத்தில் அதைப் பென்சிலால் வரைந்து உங்கள் மனை அதற்கு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு லிங்க் 0.66 அடி, நூறு லிங்க் ஒரு சங்கிலி. இப்போதையவை மீட்டரில். இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டு ‘கால்வாய் பத்து அடிதான்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். படத்தில் இருந்தது பத்து மீட்டர்.

ஒரு பொறி உண்டு. எல்லாத் தண்ணீர்ப் பாதையும் புறம்போக்காக இருக்காது. பட்டா நிலத்துக்கு நடுவிலேயே ஓடிய சின்ன ஓடைக்குத் தனி சர்வே எண் இருக்காது, புலப்படத்தில் கோடும் இருக்காது. சட்டப்படி மனை சுத்தம், மழைப்படி மனை ஓடை. காகிதத்துக்கு முன்னால் பறிக்காரரைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். செயற்கைக்கோள் படத்தில் பழைய வருடங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதியும் இப்போது இருக்கிறது. லேஅவுட் வருவதற்கு முந்தைய படத்தில் பச்சை ஒரு வளைந்த கோடாகப் போனால் அது ஓடைதான். நேர்க்கோடாகப் போனால் வரப்போ வேலியோ.

புறம்போக்கில் விழுந்துவிட்டால் மீட்சி இல்லை. வீட்டுவரி ரசீது, கரண்ட் பில், இருபது வருட அனுபவம் எதுவும் நீர்நிலைப் புறம்போக்கைப் பட்டாவாக மாற்றாது. அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017 விதிகளிலும் நீர்நிலைக்கு இடம் கிடையாது. அந்த விதிகள் பொதுவாகவே 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு மட்டும்தான். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒரு சீல் காட்டுவார்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண், ஓசூர் திட்டப் பகுதிக்குள் என்றால் அதற்கான வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண் என்று மூன்றையும் கேட்டு வாங்கி, வரைபடத்தை மனையோடு ஒப்பிடுங்கள். பூங்காவும் ரோடும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகிவிட்டதா என்பதையும் பாருங்கள். ஆகாமல் இருந்தால், பூங்கா ஒரு நாள் 41-ம் நம்பர் சைட் ஆகிவிடும்.

பதிவுச் செலவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023-லிருந்து முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வில்லங்கச் சான்று 1975-லிருந்து ஆன்லைனில் எடுக்கலாம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் சுமார் 1,076 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே 30-க்கு 40 என்பது ரெண்டே முக்கால் சென்ட்.

மண்ணுக்கு வருவோம். ஆயக்கட்டு மண் பெரும்பாலும் களி. நெல்லுக்கு அருமையான அந்த மண் சுவருக்கு எதிரி: ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும் என்றில்லை. மூன்றடி ஆழத்து மண்ணைக் காயவைத்துப் பொடித்துச் சல்லடையில் சலித்து, நேரான சுவருள்ள ரெண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே அளவாகப் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். நன்றாகக் கலக்கி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டு, படிந்த மண்ணின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 20 மில்லிமீட்டர் இருந்து, தண்ணீரில் 30 மில்லிமீட்டர் ஆகியிருந்தால் உப்பல் 50 சதவீதம். அதைத் தாண்டினால் ரெண்டரை அடிக் கடைக்காலில் சைஸ் கல்லை அடுக்கி எழுப்பும் நம்மூர் வழக்கமான முறை போதாது. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்கள் ரெண்டு மூன்று மழைக்குள் வந்துவிடும். பூசி மறைக்கலாம், அடுத்த கோடையில் மறுபடியும் திறக்கும்.

களிக்குக் கீழே முரம்பு (கெட்டியான சரளை மண்) இருக்கும். ஜே.சி.பி. வைத்து எட்டடிக் குழி ஒன்று வெட்டிப் பாருங்கள். மனையின் மேட்டு மூலையில் இல்லாமல் தாழ்ந்த மூலையில். முரம்பு ஐந்தாறு அடியில் வந்துவிட்டால் பில்லர் போட்டு ஃபுட்டிங்கை முரம்பில் உட்கார வைத்து, தரைமட்டத்தில் பிளிந்த் பீம் கட்டி, சுவர்ப் பாரத்தை அதன்மேல் ஏற்றுவதுதான் சரி. பீமுக்கு அடியில் களி நேராக முட்டாதபடி ஆற்று மணலோ எம்-சாண்டோ அரை அடி கொடுக்க வேண்டும். எட்டடியிலும் முரம்பு வரவில்லை என்றால் மேஸ்திரி அனுபவத்தை நம்பாமல் மண் பரிசோதனை செய்து இன்ஜினியரிடம் டிசைன் வாங்குங்கள். குழியில் பாலித்தீன் கவர், டைல்ஸ் உடைசல், செங்கல் துண்டு வந்தால் அது கொட்டி நிரவிய மண். அது எத்தனை அடி இருக்கிறதோ அத்தனையும் கணக்கில் சேராது. புரோமோட்டர் ‘ரோலர் ஓட்டிட்டோம்’ என்பார். அடிக்கு அடி பரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கினால்தான் நிரவல் நிற்கும். ஆறடி மண்ணை ஒரே முட்டாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேல் ஒரு அடிதான் இறுகும்.

பிளிந்த் உயரத்தில் (ரோட்டிலிருந்து வீட்டுத் தரை எழும் உயரம்) கஞ்சத்தனம் வேண்டாம். இன்று மண் ரோடாக இருப்பது நாளை ஜல்லி, தார், அப்புறம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பிறகு இன்னொரு தார் என்று ஓரடிக்கு மேல் ஏறிவிடும். இப்போதைய ரோட்டின் நடு மட்டத்திலிருந்து மூன்றடி வைத்துக் கட்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆயக்கட்டு மனையில் அதிகம் தப்பாகிப் போவது சம்ப், அதாவது தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி. ஊற்று ஏறும் மண்ணில் காலி சம்ப் மிதக்கும். யாரும் நம்புவதில்லை, கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். உள்ளளவு 8-க்கு 6-க்கு 6 அடி, சுமார் 8,150 லிட்டர். சுற்றிலும் அடியிலும் மேல்மூடியிலும் ஆறு அங்குலக் கான்கிரீட் என்றால் வெளியளவு 9-க்கு 7-க்கு 7, அதாவது 441 கன அடி. ஊற்று தரைமட்டம் வரை வந்தால் அது மேலே தள்ளும் எடை சுமார் பன்னிரண்டரை டன். சம்பின் கான்கிரீட் எடை பத்தரை, பதினொன்று டன்தான். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. ஐப்பசியில் கழுவலாம் என்று மோட்டார் போட்டுக் காலி செய்த அன்றைக்கு ஒரு மூலை தூக்கும், பைப் முறியும், அடித்தளத்தில் கீறல் விழுந்து ஊற்றுத் தண்ணீர் உள்ளே வரும். இதற்கு மருந்து எளிது: அடித்தளக் கான்கிரீட்டை நாலு பக்கமும் ஓரடி வெளியே நீட்டிவிட்டால் அதன்மேல் உட்காரும் மண்ணின் எடையே பிடித்துக்கொள்ளும். கட்டி முடித்தவர்கள் சம்பைப் பங்குனி சித்திரையில் மட்டும் கழுவ வேண்டும். செங்கல் சம்ப் இந்த மண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

செப்டிக் டேங்க்கும் இதே கதைதான். உறிஞ்சு குழி வேலை செய்ய அதன் அடிக்கும் ஊற்று மட்டத்துக்கும் நடுவில் காய்ந்த மண் வேண்டும். ஏரி நிறைந்த மாதத்தில் அது இருக்காது. அப்போது குழி வாங்காது, தண்ணீர் திரும்பிக் கீழ்தளக் கழிவறையில் எட்டிப் பார்க்கும். கீழ்தளக் கழிவறையை மற்ற அறைகளைவிட அரையடி உயர்த்தி வைப்பதும், டேங்க்கை ரெண்டு அறைக்குப் பதில் மூன்று அறையாகக் கட்டுவதும் கொஞ்சம் உதவும். முழுத் தீர்வு பாதாளச் சாக்கடை இணைப்புத்தான். தெருவில் அது வந்துவிட்டதா, திட்டத்தில் இருக்கிறதா என்று மாநகராட்சியில் விசாரித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இங்கேதான் போர்த் தண்ணீரும் கெடுகிறது. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தர விதி. 30-க்கு 40 மனையின் நீளமே 12 மீட்டர்தான். உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போருக்கு மூன்று மீட்டரில் இருக்கும். ஆகவே காப்பாற்றக்கூடியது கேசிங் மட்டும்தான். நம்ம பக்கம் கெட்டிப் பாறை. ஆறரை அங்குலப் போரில் மேல்மண் முடியும் வரை பி.வி.சி. கேசிங் இறக்குவார்கள். பாறை தொட்டதும் நிறுத்தாமல் பாறைக்குள் ஐந்தடியாவது இறக்கச் சொல்லுங்கள். கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சிமென்ட் பால் ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள். அந்த அடைப்பு இல்லாவிட்டால் 30, 40 அடியில் இருக்கும் சாக்கடை ஊற்று கேசிங் ஓரமாகவே வழிந்து 600 அடித் தண்ணீரில் கலந்துவிடும். போர்க்காரர் ‘அதெல்லாம் யாரும் செய்றதில்ல சார்’ என்பார். யாரும் செய்வதில்லை என்பது உண்மைதான், அதனால்தான் சொல்கிறோம். வண்டி வருவதற்கு முன் உள்ளாட்சியில் போர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்போர் என்றால் புளோரைடு சோதனை கட்டாயம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் திறக்கப்பட்டதே இதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, அதிகபட்சம் 1.5. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனில் ரெண்டு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், புளோரைடு அளவு மாறும். காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. எடுக்கும், ஆனால் மெம்பரேனை நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு போரை மற்றதுக்கு விடுவதுதான் சிக்கனம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்தாலும் 60,000 லிட்டர்வரை பிடிக்கலாம். அதை ஊற்று ஏறும் ஆயக்கட்டு மண்ணுக்குள் விடுவதில் பயன் குறைவு. வடிகட்டிச் சம்புக்குள் விடுங்கள்.

வீடு கட்ட அனுமதிக்கு இப்போது பெரிய அலைச்சல் இல்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கிடைத்துவிடும். இந்த வசதியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. முன்பு அதிகாரி வந்து பார்க்கும்போதாவது ‘பக்கத்துல வாய்க்கால் இருக்கே’ என்று ஒரு கேள்வி வரும். இப்போது சான்று தருவது நீங்கள். தப்பாக இருந்தால் மாட்டுவதும் நீங்கள்.

குடிவந்த பிறகு ஏரியை மறந்துவிட முடியாது. விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது, சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம். ரெண்டு நாள் மேகமூட்டம் தொடர்ந்தால் மொத்தமாகச் செத்து மிதக்கும். குத்தகைதாரர்தான் முதலில் கத்துவார், அவர் பணம் போட்டவர். லேஅவுட் சங்கங்கள் அவரைத் தொந்தரவாக நினைக்கின்றன, ‘மீன் நாத்தம்’ என்று ஏலத்தையே நிறுத்தச் சொல்லி மனு கொடுத்த இடங்களும் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. தினமும் ஏரியைப் பார்க்க ஒரு ஆள், அதுவும் சம்பளம் இல்லாமல் கிடைக்கிறார். அவர் போனால் ஆகாயத்தாமரையும் கொசுவும்தான் மிச்சம்.

புரட்டாசிக்கு முன் சங்கத்தில் நாலு பேர் போய்க் கோடியைப் பார்த்து வாருங்கள். டயர், தெர்மோகோல், கணபதி சிலைச் சட்டம் எல்லாம் அங்கேதான் வந்து சிக்கும். நடைபாதை போட்டு அழகுபடுத்தும்போது ‘தண்ணி நிறைய நிக்கட்டும்’ என்று கோடிச் சுவரை ஒரு வரிசை உயர்த்திவிடும் பழக்கமும் இருக்கிறது. அந்த ஒன்பது அங்குலம் உள்வாய்க்காரர் வீட்டு வாசலில் ஏறும், கரைக்கும் பாரம்.

அடைபட்ட கால்வாய்க்கு மனு கொடுப்பதானால், நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம், மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சிக்கும் ஒரு நகல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். ‘எங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது’ என்று எழுதினால் மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, மனுவை முடித்ததாகக் கணக்குக் காட்டிவிடுவார்கள். சர்வே எண், அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்ற குறிப்பு, புலப்படத்தில் உள்ள அகலம், இப்போது டேப் பிடித்து அளந்த அகலம், ரெண்டு போட்டோ, கிராம வரைபட நகல் ஆகியவற்றை வைத்து ‘அளந்து எல்லைக்கல் நடவும்’ என்று கேளுங்கள். அந்த மனுவுக்குப் பதில் சொல்ல சர்வேயர் சங்கிலியோடு நேரில் வந்தே ஆக வேண்டும்.